சாம்புவிடம் திரும்பினோம்

பால்ய சிநேகிதர் ஒருவரை முப்பது வருஷங்களுக்குப் பிறகு பார்க்கப் போகிறவனுக்கு ஒரு பயம் உண்டு. அவர் பழைய ஹாஸ்யத்தையே மறுபடியும் சொல்லி, நமக்குச் சிரிப்பு வராமற் போய்விட்டால் என்ன செய்வது? சென்ற கோடை விடுமுறையில், கும்மிடிப்பூண்டியில் நம் தமக்கையார் வீட்டு அலமாரியில் "துப்பறியும் சாம்பு" புத்தகத்தைக் கண்டபோது நம்மைப் பிடித்துக்கொண்டது அந்தப் பயந்தான்.

காத்திருந்த காலம் கொஞ்சமல்ல. திருவள்ளூரில் நம் பாட்டனார், பத்திரிகைத் தாள்களைப் பிரித்தெடுத்து அடுக்கிப் பைண்டு செய்து வைத்த தொகுதி ஒன்று இருந்தது. மாலையில் விளக்கு ஏற்றியதும் கூடத்தில் அவர் உரக்கப் படிப்பார். வீடு முழுவதும் கேட்கும். நாளொன்றுக்கு ஒரு கதைதான். "தாத்தா, இன்னும் ஒன்று" என்று கெஞ்சினால், "நாளைக்கும் பொழுது விடியும்" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். நாம் எட்டாம் வகுப்பில் இருக்கையில், உறவினர் ஒருவர் "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று அத்தொகுதியை வாங்கிச் சென்றார். கட்டிக்கொடுத்த பெண்ணாவது ஆடிக்குப் பிறந்தகம் வருவாள். இரவல் போன புத்தகம் வருமா? பாதிக் கதைகளோடு நாம் நின்றுபோனோம். பிறகு கல்லூரி, உத்தியோகம், குடும்பம். "ஒருநாள் வாங்கிவிடலாம்" என்று சொல்லிச் சொல்லியே வயது நாற்பத்தாறாகிவிட்டது.

இளைய நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. சாம்புவைப் படைத்தவர் "தேவன்" என்ற புனைபெயருடைய ஆர். மகாதேவன். 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர், கும்பகோணத்தில் பி.ஏ. பட்டம் பெற்று, சிறிது காலம் நம்மைப் போலவே பள்ளி உபாத்தியாயராக இருந்து, பிறகு "ஆனந்த விகடன்" ஆசிரியர் குழுவிற் சேர்ந்தார். 1942-ல் அந்தப் பத்திரிகையில் தொடங்கிய சாம்பு, ஓவியர் ராஜுவின் சித்திரங்களோடு ஐம்பது கதைகளாக வளர்ந்தார். தேவன் 1957 மே மாதத்தில், நாற்பத்து நான்கு வயது நிரம்புமுன்னரே காலமானார். லட்சக்கணக்கானோரை வாராவாரம் காக்கவைத்தவர், தம்முடைய நாவல்கள் புத்தகமாக வருவதற்குத் தாமே காத்திருந்தார். வந்தபோது அவர் இல்லை. நம் முப்பது வருஷம் அதற்குமுன் எம்மாத்திரம்?

தமிழில் துப்பறியும் கதைகள் அதற்கு முன்பே பெருகியிருந்தன. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வீட்டுக்கு வீடு வாசகர்களைத் தேடிக்கொண்டவர்கள். அக்கதைகளில் துப்பறிகிறவர்கள் மகா மேதாவிகள். தேவன் அதைத் தலைகீழாக்கினார். சாம்பு ஒன்றையும் கண்டுபிடிப்பதில்லை. ஏதோ செய்யப்போய் ஏதோ ஆகிறது, அதிலே திருடன் அகப்பட்டுக்கொள்கிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அந்தத் தற்செயலுக்கு அபாரமான காரணங்களைக் கற்பித்து மெச்சுகிறார். சாம்பு ஒன்றும் புரியாமல் விழிக்கிறார். அந்த விழிப்பையும் உலகம் அடக்கம் என்று கொண்டாடுகிறது.

மேதாவித் துப்பறிவோருக்கெல்லாம் தலைவர் ஷெர்லக் ஹோம்ஸ். அவரை 1893-ல் அருவியில் தள்ளிக் கதையை முடித்துவிட்டார் கோனன் டாயில். வாசகர்கள் விடவில்லை. 1901-ல் ஒரு பழைய வழக்கோடும், 1903-ல் உயிரோடும் ஹோம்ஸ் திரும்பி வரவேண்டியதாயிற்று. அங்கே கதாநாயகன் வாசகரிடம் வந்தான். இங்கே வாசகரே கதாநாயகனைத் தேடிப் போகும்படி ஆயிற்று!

"எடுத்துக்கொண்டு போ, உன் அத்தான் படித்து முடித்துவிட்டார்" என்றார் தமக்கையார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலை போன பிறகு இந்த வீட்டில் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது இந்தப் புத்தகத்தால்தான்" என்றார்.

அத்தான் அங்குள்ள தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பதினாறு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைத்தவர். ஒருநாள் வாயிற்படியிலேயே, "நாளை முதல் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்?

கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே ஜில்லாதான். 1997-ல் பழைய செங்கற்பட்டிலிருந்து பிரிந்து உண்டான ஜில்லா. ஆனால் ரயில் பாதை வேறு வேறு. பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் சென்னைக்குப் போய், வண்டி மாறி, ஆவடி, திருநின்றவூர் வழியாகத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடவேண்டும். அன்று அந்தச் சுற்று வழியை மனமார வாழ்த்தினோம். பொன்னேரி தாண்டுமுன்னரே நாம் உரக்கச் சிரித்துவிட்டோம். ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்த எதிர் ஆசாமி கண் விழித்துப் பார்த்தார். ஆகவே, பயம் வீண்.

ஆனால் ஒன்று மாறித்தான் இருந்தது. சாம்பு யார்? பாங்கியில் குமாஸ்தா, நாற்பதைத் தாண்டியவர், முட்டாள் என்று பெயர் வாங்கி, அந்தக் காரணத்தாலேயே வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். பன்னிரண்டு வயதில் இதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தோம். அப்போது "சாம்பு வந்தான், விழுந்தான்" என்போம். இப்போது அவர் நம் வயதுக்காரர். நம்மை அறியாமலே "அவர்" என்று வருகிறது. வேலை இழந்து வீட்டுக்குத் திரும்பும் மனிதர் கும்மிடிப்பூண்டி அத்தானின் முகத்தோடு வந்து நின்றார். அதன்பின் வந்த சிரிப்பு அவரைப் பார்த்துச் சிரித்ததன்று. அவர் தப்பித்தார் என்று சிரித்தது. அத்தான் சிரித்ததும் இந்தச் சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். கதையிலாவது தள்ளிவிடப்பட்டவனுக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கிறதல்லவா? தள்ளியவர்களே வந்து, "ஆஹா, என்ன மூளை!" என்று வியக்கிறார்களல்லவா?

இன்னொரு சமாசாரத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கணக்குத் தவறிய பையனை "மக்கு" என்று கூப்பிடும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. பள்ளி திறந்த பிறகு அந்த வார்த்தைக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ஒரு சாம்பு கதை படிக்க ஆரம்பித்தோம். வாரத்துக்கு ஒன்றுதான். "ஐயா, இன்னும் ஒன்று!" என்று வகுப்பு கூவுகிறது. "அடுத்த வெள்ளிக்கிழமையும் பொழுது விடியும்" என்று புத்தகத்தை மூடுகிறோம். காத்திருப்பதும் கதையின் ஒரு பகுதி என்பது பாட்டனாருக்குத் தெரிந்திருந்தது. கணக்கில் பின்தங்கிய ஒரு பையன், அடுத்த கதையில் என்ன ஆகும் என்று வாரம் முழுவதும் ஊகித்துக்கொண்டு வருகிறான். அவன் ஊகம் நம்முடையதைவிடச் சாமர்த்தியமாக இருக்கிறது.

பள்ளி வருஷத்தில் ஐம்பது வெள்ளிக்கிழமைகள் கிடையா. எப்படிக் கூட்டினாலும் சில கதைகள் பாக்கி நிற்கும். அதை அந்தப் பையனே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டான். சென்ற வாரம் எழுந்து, "ஐயா, மிச்சக் கதைகளை அடுத்த வகுப்பு ஐயா படிப்பாரா?" என்று கேட்டான்.

சற்று யோசித்தோம். "புத்தகம் அலமாரியில் இருக்கும், நீயே இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் படிக்கலாம்" என்றோம். "ஆனால், திருப்பித் தரவேண்டும்!"