ஹைடன்ஹைமின் ஆறு நிமிடங்களும் ஹம்பேர்க்கின் ஏழு ஆண்டுகளும்

2023ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள சாண்ட்ஹவுசன் என்னும் சிறிய ஊரின் உதைபந்தாட்ட மைதானத்தினுள் ஆயிரக்கணக்கான மக்கள் பாய்ந்தனர். அவர்கள் அவ்வூரார் அல்லர். நாட்டின் வடகோடியிலுள்ள ஹம்பேர்க் நகரிலிருந்து தமது கழகமான ஹம்பேர்கர் எஸ்.வி.யின் கடைசிப் போட்டியைப் பார்க்க வந்தவர்கள். அப்போட்டியில் ஹம்பேர்க் 1-0 என வென்றிருந்தது. ஐந்து ஆண்டுகளாகக் காத்திருந்த முதற்தரப் பிரிவு கைக்கெட்டிவிட்டதெனக் கருதி அவர்கள் ஆடினர், பாடினர், கண்ணீரும் வடித்தனர். மைதானத்தின் ஒலிபெருக்கியும் தரமுயர்வுக்கு வாழ்த்துக் கூறியது.

வாழ்த்துக் கூறியவர் சற்றுப் பொறுத்திருக்கலாம். ரேகன்ஸ்பேர்க் நகரில் அதே வேளையில் ஆரம்பமான இன்னொரு போட்டி அப்போதும் முடிவடைந்திருக்கவில்லை. அங்கு 0-2 எனப் பின்தங்கியிருந்த ஹைடன்ஹைம் கழகம் ஒரு கோலைத் திருப்பியிருந்தது. வழமையான 90 நிமிடங்கள் முடிந்து, உபாதையீடு நேரத்தின் 3ஆவது நிமிடத்தில் யான்-நிக்லாஸ் பெஸ்டே பெனால்டி உதை மூலம் போட்டியைச் சமன் செய்தார். அதுவும் போதாது. சமநிலையில் முடிந்தால் ஹைடன்ஹைமுக்கு 65 புள்ளிகள், ஹம்பேர்க்குக்கு 66 புள்ளிகள். உபாதையீடு நேரத்தின் 9ஆவது நிமிடத்தில் டிம் கிளைன்டீன்ஸ்ட் மூன்றாவது கோலைப் போட்டார். ஹைடன்ஹைம் 67 புள்ளிகளுடன் தரமுயர்ந்தது மட்டுமன்றி, அப்பருவத்தின் சம்பியனாகவும் ஆகியது. சாண்ட்ஹவுசனில் புல்தரையில் நின்றோர் தமது கைத்தொலைபேசிகளை நோக்கிக்கொண்டிருந்த காட்சியை உலகமே பார்த்தது.

இதனை வெறும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆயினும் அந்த ஆறு நிமிடங்களுக்குப் பின்னால் ஒரு முறைமையும் இரு கழகங்களின் நீண்ட வரலாறும் உள்ளன. பயர்ன் மியூனிக் கழகத்தின் வழியாக மாத்திரம் ஜேர்மன் உதைபந்தாட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்நாட்டின் இரண்டாம் தரப் பிரிவு புதிய உலகமாகவே தோன்றக்கூடும். எனவே அதிலிருந்தே தொடங்குவோம்.

இரண்டாம் புண்டஸ்லிகா 1974ஆம் ஆண்டில் வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக ஆரம்பிக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டிலிருந்து அது ஒரே பிரிவாக நடைபெறலாயிற்று. 18 கழகங்கள் ஒன்றையொன்று இரு தடவைகள் சந்திக்க, ஒவ்வொன்றும் 34 போட்டிகளில் ஆடுகின்றது. முதல் இரு இடங்களைப் பெறுபவை நேரடியாக முதற்தரத்துக்குச் செல்கின்றன. கடைசி இரு இடங்களில் உள்ளவை மூன்றாம் தரத்துக்கு இறங்குகின்றன. இவற்றுக்கிடையில் ஒரு வாசல் இருக்கின்றது. இரண்டாம் தரத்தில் மூன்றாம் இடம் பெற்ற கழகம், முதற்தரத்தில் 16ஆம் இடம் பெற்ற கழகத்துடன் இரு போட்டிகளில் மோதி, வென்றால் மேலே செல்லலாம்.

இந்த வாசல் காகிதத்தில் நியாயமாகவே தோன்றும். 2009ஆம் ஆண்டில் மீண்டும் அறிமுகப்படுத்தப்பட்டதிலிருந்து 2025 வரை 17 தடவைகள் இத்தகைய மோதல்கள் இடம்பெற்றன. அவற்றுள் இரண்டாம் தரக் கழகம் வென்றது மூன்றே தடவைகள்தாம்: 2009இல் நியூரன்பேர்க், 2012இல் டுசெல்டோர்ஃப், 2019இல் யூனியன் பேர்லின். ஓராண்டு முழுவதும் முதற்தரத்தின் பணத்தில் திரட்டப்பட்ட அணியைப் பருவ இறுதிக் களைப்புடன் எதிர்கொள்வது இலகுவன்று. ஆகவே இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையிலான ஒரு புள்ளி, ஒரு கழகத்தின் தொலைக்காட்சி வருமானத்தையும் வீரர்களின் ஒப்பந்தங்களையும் அடுத்த ஆண்டின் கணக்குகள் அனைத்தையும் மாற்றிவிடுகின்றது. முதற்தரத்தின் பங்கும் இரண்டாம் தரத்தின் பங்கும் மலையும் மடுவும் போன்றவை.

ஹம்பேர்க் இந்நிலைக்கு எவ்வாறு வந்தது? 1963ஆம் ஆண்டில் புண்டஸ்லிகா ஆரம்பமானபோது அதில் இடம்பெற்ற கழகங்களுள் 2018 வரை ஒரு தடவையேனும் தரமிறங்காமல் நிலைத்திருந்தது ஹம்பேர்க் மாத்திரமே. 1983ஆம் ஆண்டு ஏதென்ஸில் யுவென்டஸ் கழகத்தை 1-0 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தையும் அது சுவீகரித்தது. முதற்தரத்தில் தான் கழித்த காலத்தை வினாடி வரை காட்டும் கடிகாரம் ஒன்றையும் மைதானத்தில் மாட்டி வைத்திருந்தது. பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் கடிகாரம் ஓடுவதைக் காட்டிப் பெருமை கொள்பவன், அது ஒருநாள் நின்றுபோகலாம் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 2014இலும் 2015இலும் மேற்கூறிய வாசலே ஹம்பேர்க்கைக் காப்பாற்றியது. 2015இல் கார்ல்ஸ்ரூவவுக்கு எதிராக உபாதையீடு நேரத்தில் கிடைத்த கோல் ஒன்றே அதனை முதற்தரத்தில் வைத்திருந்தது. அன்று உபாதையீடு நேரத்தால் உயிர் பிழைத்த கழகம் எட்டு ஆண்டுகளின் பின் அதே உபாதையீடு நேரத்தால் வீழ்ந்தது.

2018 மே மாதத்தில் கடிகாரம் நின்றது. ஓராண்டில் திரும்பிவிடலாம் என்றே பலரும் கருதினர். அவ்வாறு நடக்கவில்லை. 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நான்காம் இடம். 2020இன் முடிவு குறிப்பாகக் கசப்பானது. இறுதிக்கு முந்திய போட்டியில் உபாதையீடு நேரக் கோலினால் ஹம்பேர்க்கை 2-1 எனத் தோற்கடித்தது ஹைடன்ஹைம். கடைசிப் போட்டியில் ஹம்பேர்க்கை அதன் சொந்த மைதானத்திலேயே 5-1 என நொறுக்கியது சாண்ட்ஹவுசன். மூன்று ஆண்டுகளின் பின் அதே இரு பெயர்களும் ஒரே பிற்பகலில் மீண்டும் ஹம்பேர்க்கின் முன் வந்து நின்றமையை விதி என்பவர்களும் உளர். நாம் விதியை இழுக்க விரும்பவில்லை.

இனி ஹைடன்ஹைமைப் பார்ப்போம். பிரென்ஸ் ஆற்றங்கரையில், சுவேபிய மலைப் பிரதேசத்தில், ஏறக்குறைய 50 ஆயிரம் மக்கள் வாழும் தொழில் நகரம் அது. நீர்விசைச் சுழலிகளையும் கடதாசி இயந்திரங்களையும் உற்பத்தி செய்யும் வோய்த் நிறுவனத்தின் தாயகம். அக்கழகத்தின் மைதானத்துக்கும் அந்நிறுவனத்தின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அதில் சுமார் 15 ஆயிரம் பேரே கூடலாம். ஹம்பேர்க்கின் மைதானத்தில் 57 ஆயிரம் பேர் கூடலாம். இரண்டாம் தரத்தில் ஆடிய அப்பருவத்திலும் அங்கு சராசரியாக 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வந்தனர். அதாவது ஹைடன்ஹைமின் மொத்தக் குடிகளையும் அம்மைதானத்தில் அமர்த்திவிடலாம்.

2007 செப்டெம்பரில் ஹைடன்ஹைம் தனது பயிற்றுவிப்பாளரை நீக்கியபோது, அண்மையில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஃபிராங்க் ஷ்மிட் என்பவரிடம் இரு போட்டிகளுக்கு மட்டும் பொறுப்பேற்குமாறு கேட்டது. அவர் அவ்வூரிலேயே பிறந்தவர். கழகம் அப்போது நான்காம் தரத்தில் இருந்தது. அந்த இரு போட்டிகள் முடிவடையவேயில்லை. 2009இல் மூன்றாம் தரம், 2014இல் இரண்டாம் தரம், 2023இல் முதற்தரம் எனக் கழகம் ஏறியபோதெல்லாம் பக்கக் கோட்டில் அவரே நின்றார். 2023ஆம் ஆண்டிலேயே, ஃபிரைபேர்க் கழகத்தில் 16 ஆண்டுகள் பணியாற்றிய ஃபோல்கர் ஃபின்கவின் சாதனையையும் அவர் கடந்தார். கழகத்தின் நிருவாகத்தில் இருந்த ஹோல்கர் சான்வால்டும் 1990களிலிருந்து அங்கேயே இருப்பவர்.

ஹம்பேர்க்கிலோ, 2018 முதல் 2025 வரையான ஏழு பருவங்களில் இடைக்காலப் பொறுப்பாளர் உட்பட எட்டுப் பேர் பயிற்றுவிப்பாளர் ஆசனத்தில் அமர்ந்தனர்.

2022-23ஆம் பருவம் ஹம்பேர்க்குக்குத் துயரத்துடனேயே தொடங்கியது. 2022 ஜூலை 21ஆம் திகதி, அக்கழகத்தின் தலைமகனான ஊவே சேலர் காலமானார். புண்டஸ்லிகாவின் முதலாவது பருவத்திலேயே அதிக கோல்களைப் பெற்றவர் அவர். வெளிநாட்டுக் கழகங்கள் பெருந்தொகை காட்டி அழைத்தும் ஹம்பேர்க்கை விட்டுச் செல்லாதவர். சில வாரங்களில், கழகத்தின் பங்காளரான செல்வந்தர் கிளவுஸ்-மைக்கல் கூனே 120 மில்லியன் யூரோ வழங்க முன்வந்தார். அதற்குப் பதிலாகப் பங்கு அதிகரிப்பும், மைதானத்துக்குச் சேலரின் பெயரைச் சூட்டுவதும் உள்ளிட்ட நிபந்தனைகளை அவர் விதித்தார். கழகம் அதனை ஏற்கவில்லை. செப்டெம்பர் முடிவில் நிருவாகக் குழு உறுப்பினர் ஒருவரும் பதவி விலகினார்.

இவ்விடத்தில் ஜேர்மன் உதைபந்தாட்டத்துக்கே உரிய ‘50 கூட்டல் 1’ என்னும் விதியைச் சொல்லியாக வேண்டும். சில விதிவிலக்குகள் நீங்கலாக, எந்தக் கழகத்திலும் வாக்குரிமையின் பெரும்பான்மை அங்கத்தவர் சங்கத்திடமே இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. எத்தகைய செல்வந்தரும் பணத்தைக் கொண்டுவரலாம். கழகத்தைக் கொண்டுபோக முடியாது. இதனால் இங்கிலாந்துக் கழகங்களுடன் போட்டியிட இயலாமற் போகின்றது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் ஹைடன்ஹைம் போன்றதொரு கழகம், கொட்டிக் குவிக்கப்படும் பணத்தின் கீழ் நசுங்கிவிடாமல், பதினைந்து ஆண்டுகள் பொறுமையாக ஏறுவதற்கு இடம் கிடைத்தமைக்கு இவ்விதியும் ஒரு காரணம் என்பதே எமது எண்ணம்.

கட்டார் உலகக் கிண்ணத்தின் பொருட்டு நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி இறுதி வரை போட்டிகள் நிறுத்தப்பட்டிருந்த அப்பருவத்தில், டோர்ஸ்டன் லீபர்க்னெக்டின் டார்ம்ஸ்டாட் நீண்ட காலம் முன்னணியில் நின்று, ஒரு வாரம் மீதமிருக்கும்போதே தரமுயர்வை உறுதி செய்துகொண்டது. ஹம்பேர்க்கின் அயல் கழகமான சென் பவுலி, புதிய இளம் பயிற்றுவிப்பாளர் ஃபாபியான் ஹூர்சலரின் கீழ் 2023இன் ஆரம்பத்தில் தொடர்ந்து பத்துப் போட்டிகளை வென்றது. அக்கழகத்தை ஏப்ரலில் ஹம்பேர்க் 4-3 என வென்றது. நகரமே கொண்டாடிய அந்த வெற்றிக்கு முந்திய வாரம் கைசர்ஸ்லவுட்டர்னிடம் 0-2, பிந்திய வாரம் மக்டபேர்க்கிடம் 2-3. பதவி போனது ரேகன்ஸ்பேர்க்கின் அந்த ஆறு நிமிடங்களில் அல்ல, இவ்விரு சனிக்கிழமைகளில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

புள்ளிவிபரங்களும் இதையே காட்டுகின்றன. ஹம்பேர்க் 70 கோல்களைப் பெற்றது, ஹைடன்ஹைம் 67. வெற்றிகளிலும் ஹம்பேர்க்கே ஒன்று கூடுதலாக, 20 பெற்றது. ஆனால் ஹம்பேர்க் 45 கோல்களை விட்டுக்கொடுத்தது. ஹைடன்ஹைம் 36 மாத்திரமே. ஹம்பேர்க் எட்டுப் போட்டிகளில் தோற்றது, ஹைடன்ஹைம் ஐந்தில். பயிற்றுவிப்பாளர் டிம் வால்டரின் ஹம்பேர்க் பந்தை வைத்திருந்து, பின்வரிசையினரையும் முன்னே அனுப்பித் தாக்கும் ஆட்டத்தை ஆடியது. பார்ப்பதற்கு அழகானது; பின்னால் வாசல் திறந்தே கிடக்கும். ஹைடன்ஹைமோ வெல்ல முடியாத போட்டியைத் தோற்காமல் முடித்துக்கொள்ளத் தெரிந்த அணி. பத்துப் போட்டிகளைச் சமநிலையில் முடித்தது. 25 கோல்களுடன் பருவத்தின் முதன்மை வீரரான கிளைன்டீன்ஸ்ட், இன்னொரு கழகத்துக்குச் சென்று ஹைடன்ஹைமுக்கே திரும்பி வந்தவர். 2024இல் ஜேர்மன் தேசிய அணியிலும் இடம்பெற்றார்.

எனினும் ஹம்பேர்க்கை ஏளனம் செய்வோருடன் நாம் சேரமாட்டோம். 66 புள்ளிகள் சாதாரண அறுவடையன்று. சாண்ட்ஹவுசனில் கண்ணீர் வடித்த இரசிகர்களுக்கு நான்கு நாட்களே அவகாசம் கிடைத்தது. ஜூன் 1ஆம் திகதி ஸ்டுட்கார்ட்டிடம் 0-3, 5ஆம் திகதி சொந்த மண்ணில் 1-3. வாசல் மூடியது. முந்திய ஆண்டிலும் இதே வாசலில் ஹேர்தா பேர்லினிடம் தோற்றிருந்தது ஹம்பேர்க். அந்த ஸ்டுட்கார்ட் அடுத்த பருவத்தில் முதற்தரத்தில் இரண்டாம் இடத்தைப் பெற்றது என்பதை அறிந்தால், 16ஆம் இடத்திலிருந்த அணியின் உண்மையான பலம் எத்தகையது என்பது விளங்கும்.

ஹைடன்ஹைம் தனது முதலாவது முதற்தரப் பருவத்தில் எட்டாம் இடம் பெற்றது. 2024 ஏப்ரலில் 0-2 எனப் பின்தங்கியிருந்து பயர்ன் மியூனிக்கை 3-2 என வென்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் போட்டியில் செல்சியைத் தன் சிறிய மைதானத்துக்கு வரவழைத்தது. ஆனால் 2025இல் 16ஆம் இடத்துக்குச் சரிந்து, அதே வாசலில், இம்முறை மறுபக்கத்தில் நின்றது. எல்வர்ஸ்பேர்க் என்னும், தன்னிலும் சிறிய ஊரின் கழகத்தை, இரண்டாவது போட்டியின் உபாதையீடு நேரத்தின் 5ஆவது நிமிடத்தில் கிடைத்த கோலினால் வென்று தப்பியது.

ஹம்பேர்க் 2024 நவம்பரில், நீண்ட காலம் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்த மேர்லின் போல்சின் என்பவரிடம் முதலில் தற்காலிகமாகப் பொறுப்பை ஒப்படைத்தது. அவரும் அந்நகரிலேயே பிறந்தவர். 2025 மே 10ஆம் திகதி உல்ம் கழகத்தை 6-1 என வென்று ஹம்பேர்க் தரமுயர்ந்தது. இம்முறை மைதானத்தினுள் மக்கள் புகுந்தபோது வேறெந்தப் போட்டியின் முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி இரு கழகங்களும் ஹம்பேர்க்கில் முதற் தடவையாக முதற்தரத்தில் சந்தித்தன. ஹம்பேர்க் 2-1 என வென்றது. முதற்தரத்துக்குத் திரும்பிய பின் அதற்குக் கிடைத்த முதலாவது வெற்றி அது.