சீன மொழி படிக்க ஒரு வருஷம்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கு?

ஐரோப்பாவில் சீன மொழியைப் பட்டப்படிப்பா எடுக்கிற பல மாணவர்கள், நடுவில் ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ சீனாவுக்கோ தைவானுக்கோ போய்ப் படிச்சிட்டு வர்றாங்க. சில இடங்களில் அது கட்டாயம், போகலைன்னா பட்டம் கிடையாது. அந்தப் பயணத்தைத் தாங்கி நிற்கிறது ரெண்டு பல்கலைக்கழகங்கள் போட்டுக்கிற ஒப்பந்தம். இந்த எபிசோடில் அது எப்படி வேலை செய்யுது, எங்கே உடையுதுன்னு பார்க்கலாம்.

முதல்ல, ஏன் போகணும்? ஐரோப்பாவுக்குச் சீன மொழிப் படிப்பு புதுசு இல்லை. பாரிஸில் காலேஜ் த பிரான்ஸ் 1814-லேயே அதுக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கிடுச்சு. முதல்ல அந்த இடத்துக்கு வந்தவர் ஆபெல்-ரெம்யூசா. அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட சீனாவுக்குப் போனதில்லை, முழுக்கப் புத்தகங்களை வச்சுக் கத்துக்கிட்டவர். பழைய நூல்களைப் படிக்க அது போதும். ஆனா ஒரு வீட்டு ஓனர்கிட்ட வாடகை பேச அது போதாது.

அமெரிக்க வெளியுறவுத் துறைக்குச் சொந்தமா ஒரு மொழிப் பயிற்சி நிறுவனம் இருக்கு. ஆங்கிலம் தாய்மொழியா இருக்கிறவங்க சீன மொழியில் வேலை பார்க்கிற அளவுக்கு வர, சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும்னு அவங்க கணக்கு. ஸ்பானிஷுக்கு அதில் மூணில் ஒரு பங்குதான். சீனாவில் ஒரு தீவிர மொழி வகுப்புன்னா வாரத்துக்கு 20 மணி நேரம்னு வச்சுக்குவோம். ஒரு செமஸ்டருக்கு 16 வாரம், வருஷத்துக்கு ரெண்டு செமஸ்டர். மொத்தம் 640 மணி நேரம். அதாவது ஒரு முழு வருஷம் போனாலும் வகுப்பில் கிடைக்கிறது தேவையில் மூணில் ஒரு பங்குக்கும் கீழ. மீதி தெருவிலும் கேன்டீனிலும்தான் வரணும்.

சரி, ஒப்பந்தம் என்ன செய்யுது? முக்கியமா மூணு விஷயம்.

முதல் விஷயம் பணம். பரிமாற்ற ஒப்பந்தம்னா, மாணவர் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கட்டணம் கட்டுவார், அங்கே கட்ட வேண்டியதில்லை. பதிலுக்கு அங்கிருந்தும் மாணவர்கள் அதே மாதிரி இங்கே வருவாங்க. அதனால சீட் எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமா இருக்கணும். சீட் கிடைக்காத மாணவர் தானே விண்ணப்பிச்சுப் போகலாம், ஆனா முழுக் கட்டணமும் அவர் தலையில். ஜெர்மனி மாதிரி அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்காத நாட்டில் படிக்கிறவருக்கு இது பெரிய அடி.

ரெண்டாவது கிரெடிட். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு வருஷத்துக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட்ங்கிறது 25-லிருந்து 30 மணி நேர உழைப்பு. வீட்டில் உட்கார்ந்து படிக்கிற நேரமும் அதில் சேரும். சீனாவில் பொதுவா வகுப்பு நேரத்தை மட்டும்தான் எண்ணுவாங்க, சுமார் 16 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். நாம மேலே பார்த்த செமஸ்டரில் 320 மணி நேரம். அந்தக் கணக்குப்படி 20 கிரெடிட். மாற்று அட்டவணை இல்லாம அந்த 20-ஐ அப்படியே பதிவு பண்ணினா, ஒழுங்கா படிச்ச மாணவருக்கே 10 கிரெடிட் குறையும். அதனாலதான் கிளம்புறதுக்கு முன்னாடியே எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட்னு எழுதி, கையெழுத்து வாங்கி வச்சுக்கிறாங்க.

மூணாவது காகிதம். 180 நாளுக்கு மேல படிக்கணும்னா எக்ஸ்1 விசா வேணும். அதுக்கு சீனப் பல்கலைக்கழகத்தோட அனுமதிக் கடிதம் வேணும். போய் இறங்கின 30 நாளுக்குள்ள வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கணும். இதில் ஒரு கடிதம் தாமதமானாலும் செமஸ்டரே போயிடும்.

இந்த ஏற்பாடெல்லாம் 2020 மார்ச் 28 அன்னைக்கு நின்னுபோச்சு. கொரோனாவுக்காக சீனா அன்னைக்கு வெளிநாட்டினருக்கு எல்லையை மூடுச்சு. மாணவர் விசா மறுபடி பரவலா கிடைக்க 2022 ஆகஸ்ட் ஆச்சு. இடையில் ஆன்லைன் வகுப்பு. பெய்ஜிங்கில் காலை 8 மணின்னா பெர்லினில் குளிர்காலத்தில் நடுராத்திரி 1 மணி. ஒரே சர்வரை நம்பி மொத்த சிஸ்டத்தையும் ஓட்டினா என்ன ஆகும்னு எங்க வேலையில் எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் அதேதான் நடந்தது. பாடத்திட்டத்தில் கட்டாயம்னு எழுதியிருந்த வருஷத்துக்கு மாற்று வழி எழுதியிருக்கலை.

அதுக்கப்புறம் தைவான் பக்கம் கவனம் கூடுச்சு. தைபேயில் தேசிய தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தோட மாண்டரின் பயிற்சி மையம் 1956-லிருந்தே இருக்கு. 2021-ல் தைவான் அரசு, அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோட சேர்ந்து சீன மொழி கற்பிக்க ஒரு தனித் திட்டமே தொடங்குச்சு. ஆனா இது இருந்த இடத்தில் இன்னொண்ணைப் பொருத்துற மாதிரி சுலபம் இல்லை. சீனாவில் எளிமையாக்கின எழுத்து, தைவானில் மரபு எழுத்து. சீனாவில் எச்எஸ்கே தேர்வு, தைவானில் டிஓசிஎஃப்எல். ரெண்டு வருஷம் எளிய எழுத்தில் படிச்சிட்டுப் போற மாணவருக்கு முதல் சில வாரம் கடைப் பலகையைப் படிக்கவே திணறும். இதைத் துறை முன்கூட்டியே யோசிச்சு, கிளம்புறதுக்கு முன்னாடியே மரபு எழுத்தைக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கணும்.

ஒப்பந்தம் எவ்வளவு நல்லா இருந்தாலும் தீர்க்காத ஒரு பிரச்சினை இருக்கு. பல சீனப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதி, தனி வகுப்பு. பக்கத்து அறையில் இத்தாலிக்காரர், எதிர் அறையில் கொரியாக்காரர். ராத்திரி எல்லாரும் பேசுறது ஆங்கிலம். உள்ளூர் மாணவர் ஒருத்தரை மொழித் துணையா சேர்த்துவிடுற ஏற்பாடு இருந்தாத்தான் அந்த மீதி மணி நேரங்கள் கிடைக்கும்.

அதனால இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிற யாரும் அந்தப் பல்கலைக்கழகத்தோட பேரை மட்டும் பார்க்கக்கூடாது. நாலு கேள்வி கேட்கணும். சீட் எத்தனை, விண்ணப்பிக்கிறவங்க எத்தனை? கிரெடிட் அட்டவணை எழுத்தில் இருக்கா? எல்லை மூடினா ரெண்டாவது வழி என்ன? அங்கே நான் யாரோட பேசுவேன்? முதல் மூணுக்கும் பதில் ஒப்பந்தத்தில் இருக்கணும். நாலாவதுக்கு, ஏற்கனவே போயிட்டு வந்த சீனியரைத்தான் பிடிக்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.