பருவகால இரவு வேலையும் உடன் உழைப்போர் நட்பும்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் குழித்தறியில் ஈரம் ஊறுவதும், பாவு காயாமல் தறி ஓய்ந்து நிற்பதும் நெசவாள அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் காண்பவை. தீபாவளிச் சரக்கு சங்கத்தை விட்டுப் போன பின்னர் அடுத்த பாவு கைக்கு வரச் சில வாரங்கள் ஆகின்றன. மானாவாரி நிலமுள்ள அங்கத்தினர்களுக்கும் இத்தகைய இடைவெளி உண்டு. அவ்வேளையில் சென்னைக்குச் சென்று, மார்கழி தொடங்கிப் பொங்கல் முடியும் வரை கோயம்பேடு மொத்தச் சந்தையில் இரவு வேலை பார்த்து வருவோர் நம் சங்கங்களில் சிலர் இருக்கின்றனர். புறப்படுமுன் அவர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கூலி எவ்வளவு கிடைக்கும்? பகலில் எப்படி உறங்குவது, யாரோடு சேர்ந்து மூட்டை தூக்குவது என்று எவரும் கேட்பதில்லை. கூலி கையில் தங்குவதும் தங்காததும் இவ்விரண்டையே பெரிதும் பொறுத்திருப்பதால் அவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

சென்னை நகரின் மொத்தக் காய்கறி வாணிபம் முன்னாளில் ஜார்ஜ் டவுனிலுள்ள கொத்தவால் சாவடியில் நடைபெற்றது. இட நெருக்கடி மிகுந்தமையால் 1996ஆம் ஆண்டில் அது கோயம்பேட்டுக்கு மாறியது. கோலார்ப் பக்கத்துத் தக்காளி, நாசிக் வெங்காயம், நீலகிரிக் கிழங்கும் கோசும் லாரிகளில் இரவெல்லாம் வந்துகொண்டே இருக்கும். சில்லறை வியாபாரிகள் விடியுமுன் வந்து கொள்முதல் செய்வதால், சரக்கு இறக்கும் வேலை இரவிலேயே முடிந்தாக வேண்டும். பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பிருந்து கரும்பு, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து ஆகியவற்றிற்கெனச் சிறப்புச் சந்தையும் கூடுகிறது. அப்பொழுது வழக்கமான ஆட்கள் போதாமையால் புதியவர்களுக்கு இடம் கிடைக்கிறது.

நாம் குடியிருக்கும் கே.கே. நகர், வீட்டுவசதி வாரியத்தால் அமைக்கப்பெற்ற பகுதி. அதையும் அதை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகரையும் இவ்வேலைக்கு வருவோர் நாடுவதற்குக் காரணம், நான்கைந்து பேர் கூடி ஓர் அறையை எடுத்துக்கொள்ள முடிவதும், உறவினர் எவரேனும் முன்னரே இங்கு இருப்பதுமே. நூறடிச் சாலையில் அசோக் பில்லர், வடபழனி, அரும்பாக்கம் கடந்தால் சந்தை. 2015 முதல் மெட்ரோ ரயிலும் அவ்வழியே ஓடுகிறது. இரவில் அது நின்றுவிடுமாயினும், ஒன்பது மணிக்குச் சென்று காலை ஏழு மணிக்குத் திரும்புவோர்க்கு இடைஞ்சல் இல்லை.

இடைஞ்சல் அறைக்குத் திரும்பிய பின்னரே தொடங்குகிறது. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது வெறும் உவமையன்று. அக்கடிகாரம் உயிரணுக்களில் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெளிச்சத்தைக் கண்டால் அக்கடிகாரம் "விழித்திரு" என்கிறது. பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கு உடற்சூடு தாழ்ந்து, கையும் கண்ணும் தளர்கின்றன. தாழ்ப்பலகையில் கால் வழுக்குவதும், கொக்கி கைமாறித் தைப்பதும் அவ்வேளையில்தான் எளிதில் நிகழும். பகலுறக்கம் இரவுறக்கத்தைவிட நேரத்தில் குறைந்தும் ஆழத்தில் குறைந்துமே அமைகிறது. எட்டு மணிக்குப் படுத்தால் பத்து மணிக்குத் தண்ணீர் லாரி. பதினொரு மணிக்குத் தள்ளுவண்டிக்காரரின் ஒலிபெருக்கி. பன்னிரண்டுக்கு அண்டை வீட்டுக் குக்கர். ஆகவே ஜன்னலுக்குக் கெட்டியான கருந்துணி ஒன்று வேண்டும். நெசவாளருக்கு அதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. திரும்பும் வழியில் வெயில் முகத்தில் படாதபடி துண்டைத் தாழ்த்திக் கட்டிக்கொள்வதும், விடியற்காலைத் தேநீரை விட்டுவிடுவதும் பயன் தரும். இரவு ஒரு மணிக்கு அருந்தும் தேநீரால் தீங்கில்லை. ஐந்து மணித் தேநீர் ஒன்பது மணி வரையிலும் உறக்கத்தைத் தடுக்கும்.

அறையில் உள்ள ஐவரும் ஒரே வேலை நேரத்தினராக இருப்பது எல்லாவற்றினும் மேலானது. பகல் வேலைக்காரர் இருவரும் இரவு வேலைக்காரர் மூவருமாகச் சேர்ந்த அறையில் உறக்கமும் இல்லை. சில நாட்களில் நட்பும் இருப்பதில்லை.

இனி உடன் உழைப்போரைப் பற்றி. சுமை இறக்குவோர் தனித்தனியாக வேலை செய்வதில்லை. செட்டு செட்டாகச் செய்கின்றனர். லாரியின் மேல் இருவர் நின்று மூட்டையைத் தூக்கிவிட, கீழே நிற்பவர் சும்மாட்டின் மீது ஏற்று நடப்பார். தூக்கிவிடுபவர் ஒரு விநாடி முன்பாகக் கையை எடுத்தால் ஏற்பவரின் கழுத்து போயிற்று. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967இல் செய்த பரிந்துரையில், வயது வந்த ஆடவர் ஒருவர் சுமக்கத்தக்க எடைக்கு 55 கிலோ உச்ச வரம்பாகக் கூறப்பட்டது. வெங்காய மூட்டை அதற்குச் சற்றே குறைந்தது. ஆனால் ஓர் இரவில் அதை எத்தனை முறை சுமப்பது என்பதற்குச் சந்தையில் எவரும் வரம்பு வகுப்பதில்லை. அந்த வரம்பைக் காப்பது உடன் நிற்பவரே. புதியவரின் முழங்கால் நடுங்குவதைக் கண்டு, "தம்பி, நீ இந்த நடை உட்காரு" என்று சொல்பவர் எவரோ அவரே செட்டின் உண்மைத் தலைவர், மேஸ்திரி அல்லர்.

அந்தச் சொல்லை ஈட்டுவது எப்படி? முதல் வாரத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, பலத்தைக் காட்ட முற்படுவது. மூத்தவர்கள் அதை விரும்புவதில்லை. வேகமாகத் தூக்குபவர் பிற்பகுதி இரவில் ஓய்ந்துவிடுவார் என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்கள் மதிப்பது வேறு: குறித்த நேரத்தில் வருதல், தன் நடையைத் தவிர்க்காமை, "அண்ணே, இதை எப்படிப் பிடிப்பது?" என்று கேட்கும் அடக்கம். நடுநிசியில் வண்டிக்கும் வண்டிக்கும் இடையே கிடைக்கும் கால் மணி நேரத்தில் சிலர் செல்பேசியில் மூழ்குகிறார்கள். சிலர் மூட்டையடுக்கில் சாய்ந்து கண்ணயர்கிறார்கள். இரண்டாவது வழி உடலுக்கு நல்லது. ஆயினும் வாரத்தில் இரண்டு நாளாவது தேநீர்க் கடையருகே நின்று பேசுவது அவசியம். ஊர், உறவு, பிள்ளைகளின் படிப்பு இவையெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

நாம் கண்டவற்றுள் நம் சங்கங்களுக்கு உரைக்கத்தக்கது ஒன்று. விடியற்காலையில் மூட்டைக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டு எண்ணி, கூலியைச் சமமாகப் பிரித்துவிட்டே ஒரு செட்டு கலைகிறது. துணைவிதிகளும் தணிக்கையும் உள்ள சங்கங்கள் சிலவற்றில் இவ்வளவு தெளிவான கணக்கை நாம் பார்த்ததில்லை. புதியவர் அந்த எண்ணிக்கையின்போது நழுவிச் சென்றுவிடாமல் உடன் நிற்க வேண்டும். பின்னர் எழும் மனத்தாங்கல்களில் பாதி அங்கேயே ஒழியும்.

பெயரறியாப் பழக்கம் நட்பாகாது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மே மாதம் கொரோனா நோய்த் தொற்றுக் காரணமாகக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி வாணிபம் தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாறியது; செப்டம்பரில்தான் மீண்டது. இதற்குள் சந்தையில் உழைத்தவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களுக்குத் திரும்பிவிட்டிருந்தனர். அவர்களைத் தேடிப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. இரவெல்லாம் தோளோடு தோள் நின்றவரை "அண்ணே" என்றும் "மாமா" என்றும் மட்டுமே அறிந்திருந்தால், அத்தகைய வேளையில் என்ன பயன்? உடன் வேலை செய்யும் இருவரின் முழுப்பெயர், ஊர், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; உங்களுடையதை அவர்களிடம் கொடுங்கள். சங்கச் செயலாளரிடமும் ஒரு படி இருக்கட்டும். நள்ளிரவில் ஒருவர் மயங்கி விழுந்தால் 108க்குச் சொல்ல முதலில் தேவைப்படுவது அந்தத் தாளே.

கே.கே. நகரிலேயே பெரிய ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கின்றனர். அது சந்தா பிடிக்கப்பெறும் ஈட்டுறுதியாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உரியது. அன்றாடம் பிரித்துக்கொள்ளும் சுமைக்கூலியில் சந்தா ஏதும் இல்லை. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நலவாரியம் உண்டு. ஆண்டுதோறும் இவ்வேலைக்குச் செல்வோர் தம் ஊரின் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். தறிக்கூலியில் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்திற்காக ரூபாய்க்கு 8 காசு பிடிக்கப்படுகிறது. அரசு 4 காசு சேர்க்கிறது. பிடித்தம் கண்டு முணுமுணுப்போர் சந்தைக்கூலியைக் கவனிக்கட்டும். அதில் பிடித்தமும் இல்லை, மிச்சமும் இல்லை. அன்றாடம் கையில் விழும் காசு அன்றாடமே கரைகிறது. நமக்குத் தெரிந்த ஓர் அறையில் ஐவரும் ஒப்பி, வாரந்தோறும் ஆளுக்கொரு தொகையை ஊரிலுள்ள தொடக்கக் கூட்டுறவு சங்கக் கணக்கில் கட்டிவந்தனர். ஒருவர் தவறினால் மற்றவர் கேட்டனர். அந்தக் கேள்வி உறுத்தவில்லை; நட்பு முன்னரே ஏற்பட்டிருந்தது.

கரும்பு அனுப்பும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. வேர்மண்ணை உதறாமலும், ஒரே இடத்தில் மட்டும் கட்டியும் அனுப்பப்பெறும் கட்டு இறக்குவோர் கையில் அவிழ்ந்துவிடுகிறது. இரண்டு இடங்களில் இறுக்கிக் கட்டுங்கள். இருளில் அதைத் தோளில் வாங்குபவர் நம் பக்கத்துச் சங்கத்து நெசவாளராகவே இருக்கலாம்.

பொங்கலன்றே கரும்பு வரத்து அநேகமாக நின்றுவிடும். ஊர் திரும்பும் நெசவாளர் மறுநாளே தறியேறிவிட எண்ணுவது இயல்பு. உடற்கடிகாரம் பழைய நிலைக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை மெல்லிய நூற்பாவையும் சரிகை வேலையையும் தள்ளிவைத்து, தார் சுற்றுதல், பாவு பிணைத்தல் போன்றவற்றைப் பகல் வெளிச்சத்தில் செய்துவரலாம். இழை அறுந்தால் கண் முதல் பார்வையிலேயே அதைக் காணும் நாளில் தறியில் அமரலாம்.