கடைசிப் பொத்தான்

சாதாரணப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், தம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுவிட்டதை அறிவாரேயன்றி, அந்த அறிவு எந்தக் கணத்தில் எப்படி உள்ளே புகுந்தது என்பதைப் பெரும்பாலும் காண்பதில்லை. வளர்ச்சியில் பின்தங்கிய சிறு குழந்தைகளுக்குப் போதிப்பவருக்கோ அது பிரத்தியட்சமாகக் கிடைக்கிறது. இத்தொழிலின் சன்மானம் என்னவென்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். சம்பளத்தைப் பற்றிப் பேசாதிருப்பதே மரியாதை.

1954 நவம்பர் முதல் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நமது காரைக்காலில், அவர்கள் விட்டுச்சென்றவற்றைக் கணக்கிடுவோர் வீதிகளையும் சட்டங்களையும் சொல்வார்களேயொழிய, இக்கல்வியின் மூலமும் பிரான்ஸ் தேசத்தில்தான் என்பதை நினைப்பதில்லை. காட்டில் தனியே திரிந்து, 1800-இல் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்ட விக்டர் என்ற சிறுவனுக்கு ஈதார் என்னும் வைத்தியர் வருஷக்கணக்கில் பாடம் சொல்லியும் அவன் பேசவில்லை. ஆயினும் அவர் கையாண்ட முறைகளை அவருடைய சீடர் செகேன் விருத்தி செய்ய, அவ்விருவர் நூல்களையும் சிரத்தையோடு பயின்று, மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்ட ரோமாபுரிக் குழந்தைகளிடம் பிரயோகித்துப் பார்த்த மாண்டிசோரி அம்மையார், 1939-இல் அடையாற்றுக்கு வந்து நம்மவருக்கே பயிற்சி அளித்தார். இன்று வசதியுள்ளோர் பணம் கட்டிப் பெறும் உபகரணங்களில் பல, ஆதியில் இந்தக் குழந்தைகளுக்காகப் பிறந்தவை!

சட்டைக்குப் பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்வோம். துணியின் ஓரத்தைப் பிடிப்பது, பொத்தானை விரல் நுனியால் பற்றுவது, துளையில் நுழைப்பது, மறுபுறத்தில் கையை மாற்றிப் பிடிப்பது, இழுப்பது என்று அதில் இத்தனை காரியங்கள் இருப்பது நமக்கு மறந்தே போயிற்று. தேர்ந்த ஆசிரியை முதலிலிருந்து தொடங்குவதில்லை. தாமே பொத்தானைப் பாதி நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தையிடம் விடுகிறார். ஆகையால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த பெருமை குழந்தைக்கே சேர்கிறது. அது கைவந்த பின் அதற்கு முந்திய படி, அப்புறம் அதற்கும் முந்தியது என்று பின்னோக்கிச் செல்ல வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஒருநாள் வேறு யாரும் தொடாமல் பொத்தான் துளைக்குள் போகும்போது குழந்தை முதலில் பார்ப்பது சட்டையை அல்ல, ஆசிரியையின் முகத்தை.

"அவன் அப்பனும் தாமதமாய்த்தான் பேசினான், தானே சரியாகிவிடும்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சமாதானத்தில் பிரியம் உண்டு. ஆனால் ஒன்றரை வயதாகியும் நடவாத குழந்தையையும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். சென்னையில் 1989-இல் தோன்றிய மதுரம் நாராயணன் மையம், பிறந்தது முதல் இரண்டு வயது வரைக்குமான திறன்களை உடலசைவு, தற்காரியம், மொழி, அறிவு, சமூகப் பழக்கம் என்று ஐந்து துறைகளாகப் பகுத்து, தாயாரையும் கூடவே உட்காரவைத்துப் போதிக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. பாடம் வீட்டிலும் தொடர்ந்தாலன்றி நிலைக்காது என்பதே இதன் நியாயம். வீட்டில் பாட்டியம்மாள் இருந்தால் இது அத்தனை சுலபமில்லை. பேரன் பொத்தானோடு போராடுவதைக் காணச் சகியாமல் தாமே நாலையும் மாட்டிவிடுவார், மறுநாள் மருமகள் வந்து ஆசிரியையிடம் முறையிடுவாள்.