பணம் கட்டியவருக்கே பூட்டு

திருக்கழுக்குன்றத்தில் கேபிள் இணைப்பு கொடுப்பதும் டிவி பழுது பார்ப்பதும் என் தொழில். முன்பெல்லாம் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று போன் வந்தால் தெருமுனைக் கம்பத்தைப் பார்த்தால் போதும். கனெக்டர் துருப்பிடித்திருக்கும், இல்லாவிட்டால் குரங்கு ஒயரை இழுத்திருக்கும். இப்போது வரும் பல புகார்களில் ஒயரில் கோளாறே இருப்பதில்லை.

மலையடிவாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. நல்ல டிவி, புதிதாக வாங்கிய ஆண்ட்ராய்டு பாக்ஸ், ஒரு வருடச் சந்தா. யூடியூப் பளிச்சென்று ஓடுகிறது. காசு கட்டிய ஆப்பில் படம் போட்டால் முகமெல்லாம் மங்கல். "நெட் ஸ்லோவா இருக்கா தம்பி?" என்று கேட்டார். அளந்து பார்த்தேன், வேகம் தாராளமாக இருந்தது. "நெட்டுல ஒண்ணும் இல்ல சார், பாக்ஸுக்கு எல்1 கிடையாது" என்றேன்.

ஆப்பில் வரும் படம் பூட்டப்பட்டே வருகிறது. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டு கூகுளின் வைட்வைன். அதில் எல்1 என்ற உயர்ந்த பாதுகாப்பு நிலை உள்ள கருவியில் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்பின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே நடக்கும். வெளியிலிருந்து யாரும் எளிதில் எடுக்க முடியாது. எல்3 என்றால் எல்லாம் சாஃப்ட்வேரிலேயே நடக்கும், உடைப்பது சுலபம். அதனால் பெரிய ஆப்கள் அந்தக் கருவிக்குப் பெரும்பாலும் 480 வரிக்கு மேல் அனுப்புவதில்லை. மலிவான பாக்ஸுக்கு மட்டும் வரும் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2017-ல் வந்த ஒன்பிளஸ் 5, 5டி போன்களிலேயே எல்1 இல்லை. பிறகு போனை அனுப்பி வைத்தால் போட்டுத் தருகிறோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

இன்னொரு புகார், "சத்தம் வருது, படம் வரல." ஒரே பாக்ஸிலிருந்து ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஸ்பிளிட்டர் போட்டிருப்பார்கள். எச்டிஎம்ஐ ஒயரின் இரு முனையிலும் உள்ள கருவிகள் எச்டிசிபி என்ற முறையில் சாவியைச் சரிபார்த்துக்கொள்ளும். நடுவில் உள்ள ஸ்பிளிட்டரிடம் சாவி இல்லையென்றால் திரை கறுத்துவிடும். இரண்டு டிவியும் அவர்களுடையதுதான், சந்தாவும் அவர்களுடையதுதான்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில் கேட்பது வேறு. இங்கே ஓடும் படம் துபாயில் அதே ஆப்பில் ஏன் ஓடவில்லை? இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. தமிழ் சினிமாவை ஏரியா ஏரியாவாக விற்பது பழைய வழக்கம். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து என்.எஸ்.சி. ஏரியா, மதுரை ராமநாதபுரம் தனி, கோவை தனி. நெட்டுக்கு எல்லை இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்துக்கு உண்டு. ஒரு நாட்டுக்கு உரிமை வாங்காத படத்தை ஆப் அங்கே காட்ட முடியாது.

படம் எடுத்தவர் உரிமையில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டு 2004-லேயே சேர்க்கப்பட்டது. அது தேவையான கடுமை என்றே நினைக்கிறேன். ஆனால் திருட்டுப் பிரதிக்கு எல்1-ம் வேண்டாம், சாவியும் வேண்டாம், எந்த டிவியிலும் ஓடும். பூட்டில் முட்டிக்கொண்டு நிற்பவர் காசு கட்டியவர். அந்த ஆசிரியரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் சட்டம் இவ்வளவு இறுக்கமாக இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டப்படி, விலக்குகள் நீங்கலாக, இப்படிப்பட்ட பூட்டை உடைப்பதே சட்டவிரோதம். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு அப்படி இல்லை. உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் தண்டனை, இரண்டாண்டு வரை சிறை. சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பதை அது தடுக்கவில்லை. ஆனால் அப்படித் திறக்க இன்னொருவருக்கு உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, எதற்காக உதவினார் என்பதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். அந்த உதவுபவர் என்னைப் போன்ற மெக்கானிக்காகவும் இருக்கலாம். இந்தப் பதிவேட்டைப் பற்றி எங்கள் தொழிலில் யாரும் பேசிக் கேட்டதில்லை. வாசல் திறந்திருப்பதே தெரியாதபோது, அதன் வழியாக யார் போவார்கள்?

இணையத் திருட்டைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவிலும் இதே கதைதான், தேவைக்கு மேல் பூட்டினார்கள். 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவை வைத்து இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுசாக முடக்கின. திருட்டுப் பிரதி உள்ள குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுங்கள் என்று அந்த ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் அல்ல. பிரிட்ஜ் வாங்கும்போது மின்சார நட்சத்திரம் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அதுபோல டிவி, பாக்ஸ், போன் எல்லாவற்றின் அட்டையிலும், கட்டணப் படங்கள் எந்தத் தரம் வரை ஓடும் என்று தமிழில் அச்சிட வேண்டும். அதுவரை, புதுப் பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் "வைட்வைன் எல்1 இருக்கா?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், கடையிலேயே பாக்ஸை டிவியில் மாட்டி உங்கள் ஆப்பைப் போட்டுக் காட்டச் சொல்லி, பிறகு பணம் கொடுங்கள்.