கிராபிக்ஸ் அட்டை வாங்குமுன்

1998-ஆம் ஆண்டு தென்காசியில் நடந்த என் தமக்கையின் திருமணம் ஒரு வி.எச்.எஸ். நாடாவில் பதிவாகியுள்ளது. மறைந்த எங்கள் அன்னையாரின் குரல் வேறெதிலும் இல்லை. சென்ற மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தபோது, நாடாவின் ஓரத்தில் வெண்மையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மட்டாஞ்சேரியின் ஈரக்காற்றைப் பற்றி நம் அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. நாடாவிலுள்ளதை உடனே கணிப்பொறியில் ஏற்றிவிடத் துணிந்தேன்.

அவ்வேளையில் என் மருமகன், அதாவது தமக்கை மகன், விளையாடவும் விளையாட்டைப் பதிவு செய்யவும் கிராபிக்ஸ் அட்டை ஒன்று கேட்டான். இரு வேலைக்கும் ஒரே அட்டை போதுமென எண்ணிப் படகேறி எறணாகுளம் சென்றேன். ஒரு கடையில், "இது எல்லாம் செய்யும்" என்று ஓர் அட்டையை நீட்டினர். நல்லவேளையாக அன்று கையில் பணம் குறைவு. வீடு திரும்பி விசாரித்த பின்னரே என் எண்ணம் தவறென்று விளங்கிற்று.

இன்றைய கிராபிக்ஸ் அட்டையில் படம் வெளியே செல்லத்தான் வழியுண்டு. உள்ளே வர வழியில்லை. 1996-இல் ஏ.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட 'ஆல்-இன்-ஒண்டர்' போன்றவை இரண்டையும் செய்தன, அவ்வினம் மறைந்துவிட்டது. பழைய நாடாவுக்கு வேண்டுவன நாடா ஓட்டும் கருவியும், விலை குறைந்த யு.எஸ்.பி. பதிவுக் கருவியுமே. நம் நாட்டு நாடாப் படத்தை 720-க்கு 576 புள்ளிகளாக, வினாடிக்கு 25 சட்டங்களாக ஏற்றுவது வழக்கம். சுருக்காமல் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் இடம் பிடிக்கும். இவ்வளவைச் சுருக்கச் சாதாரணக் கணிப்பொறியே போதும். ஒன்று மட்டும் மறவாதீர்: பூஞ்சணம் பிடித்த நாடாவைத் துப்புரவு செய்யாமல் ஓட்டினால் கருவியும் கெடும், அடுத்த நாடாவுக்கும் அது தொற்றும்.

விளையாட்டைப் பதிவு செய்வது வேறு. ஆட்டம் ஓடும்போதே படத்தைச் சுருக்க வேண்டும். அதற்கென அட்டையில் 'என்கோடர்' என்னும் தனி உறுப்பு உண்டு. மலிவான அட்டைகள் சிலவற்றில் அது கிடையாது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. என்விடியா ஜி.டி. 1030-இலும், 2022-இல் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி. ஆகியவற்றிலும் அது இல்லை. என்னிடம் நீட்டப்பட்டதும் இவற்றில் ஒன்றே! 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-இல் உண்டு. இன்டெல் ஆர்க் ஏ380-இல், ஏ.வி.1 என்னும் புதிய முறையில் சுருக்கும் வசதியும் உண்டு. ஆயினும் 'ரீசைசபிள் பார்' வசதியற்ற பழைய பலகையில் அது விளையாட்டில் மிகவும் சோர்ந்துவிடும். உங்கள் இன்டெல் செயலியிலேயே 'குவிக் சிங்க்' இருக்குமாயின், பதிவு வேலையை அதனிடமே ஒப்படைக்கலாம்.

மின்சாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையின் துளை வழியே அட்டைக்குக் கிடைப்பது 75 வாட்தான். அதற்கு மேல் உண்ணும் அட்டைக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் அக்கம்பி இராது.

நாடாவைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் துடைத்து, யு.எஸ்.பி. கருவி கொண்டே ஏற்றிவிட்டோம். படம் இடையிடையே நடுங்குகிறது. ஆனால் பந்தி நடுவே அன்னையார், "இலை பத்துமா?" என்று கேட்பது தெளிவாகக் கேட்கிறது. மருமகனுக்கு இன்னும் அட்டை வாங்கவில்லை. பூசைக்கு முன் ரயில்வே போனஸ் வரும், அப்போது பார்ப்போம் என்றிருக்கிறேன்.