வொக்கேஷனல் குரூப்: கல்லூரிக்கும் வேலைக்கும் நடுவே

பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒரு மாணவர் கல்லூரிக்கும் தகுதி பெற்றிருக்க வேண்டும், கையில் ஒரு தொழிலும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தமிழ்நாடு அமைத்த ஏற்பாடுதான் மேல்நிலைக் கல்வியின் தொழிற்கல்விப் பிரிவு. பள்ளிகளில் அதற்குப் பெயர் ‘வொக்கேஷனல் குரூப்’. 1978-இல் பி.யு.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பு கல்லூரிகளை விட்டு நீங்கி, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிக்கு வந்தபோது, கூடவே வந்தது இந்தப் பிரிவு.

இந்த எண்ணத்தின் பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்கள் இருவர் இருக்கிறார்கள். முதலாமவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அவர் தலைமையில் 1952-53-இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. இரண்டாமவர் மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். ஊர் திரும்பி 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர். அடையாறு காந்தி நகரில் அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. மேல்நிலைக் கல்வியையும் அதில் தொழிற்கல்வியின் இடத்தையும் ஆராய மத்திய அரசு அமைத்த தேசியக் குழுவுக்கு அவரே தலைவர். அறிக்கை 1978-இல் வந்தது. பொதுக்கல்வி ஒரு பக்கம், தொழிற்கல்வி ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் எழுப்பிவிடக் கூடாது என்பதே அதன் சாரம். நடைமுறையில் எழுந்தது சுவர்தான்.

இப்பிரிவில் அடிப்படை மின் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், நெசவியல், ஆடை வடிவமைப்பு, வேளாண் அறிவியல், செவிலியம், கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும், அலுவலக மேலாண்மையும் செயலியலும் எனப் பல பாடங்கள் உண்டு. தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது. அவற்றோடு கணிதம் போன்ற ஒரு தொடர்புடைய பாடம், தொழிற்பாடத்தின் கருத்தியல், செய்முறை, வேலைவாய்ப்புத் திறன்கள் ஆகியவை சேரும். அறிவியல் குரூப்பில் செய்முறை என்பது பாடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சில மதிப்பெண்கள். இங்கே அது தனியாக நிற்கும் தேர்வு. மின் பொறியியல் மாணவர் ஒயரிங் செய்து விளக்கை எரியவைத்துக் காட்ட வேண்டும். செவிலியம் படிக்கும் மாணவி காயத்துக்குக் கட்டுப் போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் பெரிய குறை இல்லை. குறை சேர்க்கையில் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் மேலே இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட் குரூப், அடுத்தவர்களுக்கு காமர்ஸ், மிஞ்சியவர்களுக்கு வொக்கேஷனல் என்றே பிரித்துப் பழகிவிட்டது. எந்தத் தொழிலில் ஆர்வம் என்று யாரும் கேட்பதில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கத்துப் பெயர்பெற்ற தனியார் பள்ளிகளில் சேரும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பிரிவைப் பற்றி விசாரிப்பதே அபூர்வம். அது பெரும்பாலும் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியதாகச் சுருங்கிவிட்டது. ஆசிரியர் பிரச்சினை வேறு. தொடக்கத்தில் தொழில் தெரிந்தவர்களைப் பகுதி நேரப் பயிற்றுநர்களாக எடுத்து, பின்னால் நிரந்தரமாக்கினார்கள். அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றபோது பல பள்ளிகளில் அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை. பயிற்றுநர் போன பின் பாடப்பிரிவும் போனது.

விந்தை என்னவென்றால், வொக்கேஷனல் குரூப்பை ஏறெடுத்துப் பார்க்காத இதே தென் சென்னை நடுத்தரக் குடும்பங்கள், படிப்பையும் தொழிலையும் சேர்த்துக் கற்பதைப் பள்ளிக்கு வெளியே பல தலைமுறைகளாகச் செய்து வந்திருக்கின்றன. தியாகராய நகரில் 1937 முதல் இயங்கும் ஸ்டெனோகிராபர்ஸ் கில்டு அதற்கு நல்ல சான்று. அங்கே சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று அலுவலகங்களில் அமர்ந்தவர்கள் ஏராளம். தெருவுக்கே கில்டு தெரு என்று பெயர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டைப்பிங் லோயர், ஹையர், ஷார்ட்ஹேண்ட், ஒரு வேலை, பிறகு மாலைக் கல்லூரியிலோ தபால் வழியிலோ பட்டம். இந்த வரிசை ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஒன்று. தட்டச்சுத் தேர்வை இன்றும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் நடத்துகிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தட்டச்சர் பணிக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால், கணினி வந்த பிறகும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் தடதட சத்தம் ஓயவில்லை.

சி.ஏ. படிப்பும் இந்த வழியில் வந்ததுதான். பிளஸ் டூ முடித்துப் பவுண்டேஷன் தேர்வு எழுதி, இன்டர்மீடியட் கடந்து, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் சேரலாம். மூன்றாண்டாக இருந்த அந்தப் பயிற்சி 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைந்தது. பகலில் ஆடிட்டர் அலுவலகம், மாலையில் பி.காம். வகுப்பு என்று ஓடும் பிள்ளைகளை யாரும் ‘தொழிற்கல்வி மாணவர்’ என்று சொல்வதில்லை. ஆனால் அவர்கள் செய்வது அதையேதான். மயிலாப்பூரில் 1905-இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லமும் ஏழைப் பிள்ளைகளுக்காக இந்த இரண்டையும் ஒன்றாக வைத்தது: ஒரே இல்லத்தின் கீழ் உயர்நிலைப் பள்ளியும் உண்டு, பாலிடெக்னிக்கும் உண்டு.

அப்படியானால் வொக்கேஷனல் குரூப் மாணவருக்குக் கல்லூரிக் கதவு மூடியிருக்கிறதா? பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விப் பிரிவினருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கணக்குப்பதிவியல் படித்தவருக்கு பி.காம்., சி.ஏ. இரண்டும் திறந்தே இருக்கின்றன. பொறியியல் சார்ந்த பிரிவில் தேறியவர் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் அதேபோல இரண்டாம் ஆண்டில் நுழையலாம். கூட்டிப் பார்த்தால், பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலை 2, டிப்ளமோ 2, பி.இ. 3 என ஏழு ஆண்டு. நேர்வழியில் வருபவருக்கு ஆறு. ஓர் ஆண்டு கூடுதல்தான். ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் கையில் வேலைக்குக் காட்ட ஒரு சான்றிதழ் இருக்கும்.

உடனே வேலைக்குப் போக நினைப்பவருக்குத் தொழிற்பழகுநர் வழி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1986-இல் திருத்தப்பட்டபோது மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியத்தின் அலுவலகம் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஓராண்டு உதவித்தொகையோடு வேலை பழகலாம். ஜெர்மனியில் வாரத்தில் சில நாள் தொழிற்சாலை, சில நாள் தொழிற்பள்ளி என்று படிப்பின் உள்ளேயே பயிற்சி இருக்கும். இங்கே படிப்பு முடிந்த பிறகுதான் அது தொடங்குகிறது. அதற்குள் பலர் எட்டாத தூரம் போய்விடுகிறார்கள்.

மூடிய கதவும் உண்டு. மிகவும் கசப்பானது செவிலியத்தில். இரண்டாண்டு செவிலியமே படித்த மாணவி பி.எஸ்சி. நர்சிங் சேர முடிவதில்லை. அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஊசி பிடித்தே பார்த்திராத அறிவியல் குரூப் மாணவிக்கு இருக்கும் தகுதி, வார்டில் நின்று பழகியவளுக்கு இல்லை. இப்படியொரு விதி இருக்கும்வரை, நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை இந்தப் பிரிவில் சேர்க்கப் பெற்றோர் தயங்குவதில் தவறு காண முடியாது.

கடந்த சில ஆண்டுகளில் அரசின் பார்வை சற்று மாறியிருக்கிறது. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவருக்குத் திறன் பயிற்சியையும் அரசுப் பள்ளி மாணவருக்கு உயர்கல்வி வழிகாட்டலையும் தருகிறது. பிளஸ் டூவோடு நின்றுவிட்டவர்களைத் தேடி மீண்டும் படிப்பில் சேர்க்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டமும், மாணவர்களுக்காக 2024-இல் வந்த ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. மூன்றுக்கும் ஒரே தொகையைத் தருகின்றன. ஐ.டி.ஐ.யைப் பட்டத்துக்குச் சமமாக வைக்கும் அரசாணைகள் அதிகம் இல்லை.

குரூப் தேர்ந்தெடுக்கும் மே மாதத்தில் பள்ளியிடம் கேட்க வேண்டியவை மூன்று. தொழிற்பாடத்துக்கு நிரந்தரப் பயிற்றுநர் இருக்கிறாரா? செய்முறைக் கூடத்தில் கருவிகள் ஓடுகின்றனவா? தொடர்புடைய பாடமாக எதைத் தருகிறார்கள்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பின்னால் எந்தக் கலந்தாய்வுக்குப் போகலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். அது கணிதமாக இருந்தால் பொறியியல் பக்கம் போவது எளிது.